எங்கள் கல்லூரி வாக்காளர் சேர்ப்பு உதவி மேசை, ஊட்டி

மாணவர்களே போட்ட மேசை இது. போன வாரம் போய் விண்ணப்பித்துவிட்டு வந்தேன், மனசு நிறைந்தது. மார்ச்சில்தான் எனக்கு 18 முடிந்தது, அதனால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்கணும் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்த அக்காதான் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 எல்லாமே தகுதி நாள்தான் (அன்றைக்கு 18 முடிந்திருந்தால் போதும்), 17 முடிந்தவர்களே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து புதிதாகச் சேர்பவர்களுக்கான படிவம் 6-ஐ ஆன்லைனில் வரிவரியாக நிரப்ப வைத்தார்.

எனக்கு ஊர் கூடலூர். வீட்டு முகவரியா, விடுதி முகவரியா? எதில் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் ஒன்றில் மட்டும்தான்; விடுதி என்றால் கல்லூரி முதல்வரின் சான்றும் வேண்டும். தேர்தலன்று பஸ்ஸுக்கு அலைய வேண்டாமே என்று விடுதியையே போட்டேன். இனி என் தொகுதி உதகமண்டலம்!

குறையும் உண்டு. மூடுபனியில் சிக்னல் போய் ஓடிபி வரவே அரை மணி நேரம் ஆனது, சுவர் முன்னால் எடுத்த போட்டோ மங்கலாகி மறுபடி எடுத்தோம். காகிதப் படிவம் ஒரு கட்டு வைத்திருந்தால் வரிசையில் நின்ற பலர் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள், அதுதான் வருத்தம்.

காசு எதுவும் கிடையாது. ஆதார் நகல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எடுத்துப் போங்கள். சந்தேகம் என்றால் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் பண்ணுங்கள்.