துக்க வருஷத்தில் நிச்சயதார்த்தமா? ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ தொடரோடு பல வருடம்

ஜிம் புச்சரின் ‘டிரெஸ்டன் ஃபைல்ஸ்’ தொடரில் பதினெட்டாவது நாவலான ‘ட்வெல்வ் மந்த்ஸ்’ 2026 ஜனவரியில் வந்தது. அதற்கு முந்தையது வந்தது 2020 செப்டம்பரில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல். எங்கள் வாசகர் கூட்டத்தில் அதற்குள் கல்யாணம் ஆனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வேலை மாறி ஜொகூருக்குப் போனவர்கள் எல்லாம் உண்டு. கதை நடக்கும் சிகாகோவில் மட்டும் இன்னும் கரண்ட் வரவில்லை. போன புத்தகத்துச் சண்டையில் போனது, புதுப் புத்தகம் தொடங்கும்போதும் இருட்டுதான்.

முந்தைய பதினேழு புத்தகங்களின் சில முடிச்சுகள் இங்கே அவிழும். புதியதில் மட்டும் பின்னட்டையில் இருப்பதைத் தாண்டிக் கதையைச் சொல்லப் போவதில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஹேரி டிரெஸ்டன் சிகாகோவில் தொழில் நடத்தும் மந்திரவாதி. தொலைபேசிப் புத்தகத்தில் ‘மந்திரவாதி’ என்ற தலைப்பில் அவன் பெயர் ஒன்றுதான் இருக்கும். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் எழுத்து வகுப்புக்குப் போன காலத்தில் புச்சர் எழுதத் தொடங்கிய கதை இது. முதல் புத்தகம் ‘ஸ்டார்ம் ஃபிரண்ட்’ 2000ல் வந்தது. துப்பறியும் கதையின் உடம்பு, பேய்க்கதையின் உயிர்.

நான் உள்ளே போனது முறையான வழியில் இல்லை. 2009ல் தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் மலிவு விலைப் புத்தக விற்பனையை கோலாலம்பூர்வாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. செரி கெம்பாங்கான் மைன்ஸில் ராத்திரி பகல் பாராமல் திறந்து வைத்திருப்பார்கள், நாமும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தள்ளுவண்டியோடு திரிவோம். அங்கே தொடர் நாவல் வாங்குகிறவனுக்கு ஒரு தலைவிதி உண்டு: மூன்றாவது கிடைக்கும், ஒன்பதாவது கிடைக்கும், முதலாவது கிடைக்கவே கிடைக்காது. எனக்குக் கிடைத்தது ஏழாவது, ‘டெட் பீட்’. அதில் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘சூ’ என்ற நிஜமான டைனோசர் எலும்புக்கூட்டை ஹேரி மந்திரம் போட்டு எழுப்பி அதன் முதுகில் சவாரி போவான். அந்த இடத்தைப் படித்த பிறகு மீதிப் புத்தகங்களைத் தேடாமல் இருக்க முடியுமா? செந்தூல் தம்பி ஒருவர், பல்கலைக்கழக மாணவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த புத்தகப் பற்றுச்சீட்டில் பாடப்புத்தகம் வாங்காமல் இந்தத் தொடரின் முதல் சில பாகங்களை வாங்கியவர். அவரும் நானும் மாற்றி மாற்றிப் படித்ததுதான் இன்றைய கூட்டத்தின் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கடைக்காரர் முறைக்கும்வரை உட்கார்ந்து பேசுவோம்.

இத்தனை வருடத்தில் இந்தத் தொடர் சலிக்காததற்கு முதல் காரணம் அதன் இரத்தக் காட்டேரிகள். ஒரே சாதிக் காட்டேரி என்றால் நாலாவது புத்தகத்திலேயே அலுத்திருக்கும். இங்கே முக்கியமாக மூன்று கூட்டம், ‘கோர்ட்’ (அரசவை) என்று பெயர். ரெட் கோர்ட்காரர்கள் மனிதத் தோலைப் போர்த்திக்கொண்ட வௌவால் பூதங்கள். அவர்கள் எச்சில் பட்டாலே போதை ஏறும், பிறகு விடாது. பிளாக் கோர்ட் என்பது பழைய பாணி, அழுகிய பிணம், பூண்டு, சிலுவை, மார்பில் ஆப்பு. 1897ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’வே இவர்களைக் கொல்லும் வழிமுறைக் கையேடுதான் என்றும், அது வெளிவந்து ஊருக்கெல்லாம் விஷயம் தெரிந்ததால்தான் பிளாக் கோர்ட் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது என்றும் புச்சர் ஒரு போடு போடுவார். அதன் பின்னால் இருந்த கை ஒயிட் கோர்ட்டின் கை. இந்த ஒயிட் கோர்ட்தான் ஆபத்திலேயே ஆபத்து. இரத்தமே தேவையில்லை. மனித உணர்ச்சியைத் தின்பவர்கள். ரெய்த் குடும்பத்துக்குக் காமம், மால்வோரா குடும்பத்துக்குப் பயம், ஸ்காவிஸ் குடும்பத்துக்கு விரக்தி. உண்மையான காதல் தொட்ட உடம்பைத் தீண்டினால் மட்டும் ரெய்த் குடும்பத்தார் தோல் பொசுங்கும்.

நமக்கு இங்கே பொந்தியானாக் என்ற மலாய்ப் பேய் இருக்கிறாள். 1957லேயே கேத்தே-கெரிஸ் நிறுவனம் மரியா மெனாடோவை வைத்துப் படமாக எடுத்துவிட்டது, இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். பிரசவத்தில் செத்தவள், வாழை மரம், பின்கழுத்தில் ஆணி என்று தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அவள் கதை மனப்பாடம். ஆனால் பொந்தியானாக்குக்கு அரசியல் கிடையாது. அவள் யாரோடும் ஒப்பந்தம் போடமாட்டாள், கட்சி மாறமாட்டாள். புச்சரின் காட்டேரிகள் அதைத்தான் செய்துகொண்டே இருக்கிறார்கள். 2010ல் வந்த ‘சேஞ்சஸ்’ நாவலில் ரெட் கோர்ட் மொத்தமும் ஒரே இரவில் அழிகிறது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அடுத்தடுத்த புத்தகங்களில் அந்தக் காலியிடத்தைப் பிடிக்க யார் யாரோ கிளம்பி வருகிறார்கள். ஒரு நல்ல காரியத்துக்குப் பல வருடம் கழித்தும் பில் வந்துகொண்டே இருக்கும் கதை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது காரணம் வாசற்படி. இந்தத் தொடரில் வீட்டு வாசலுக்கு ஒரு சக்தி உண்டு. அழைக்காமல் எந்தத் தீயசக்தியும் லேசில் உள்ளே வர முடியாது. மந்திரவாதியே அழைப்பில்லாமல் தாண்டினாலும் தன் சக்தியில் பெரும்பங்கை வெளியே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அந்தச் சக்தி சுவரிலிருந்து வருவதில்லை. அங்கே ஒரு குடும்பம் சமைத்து, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்வதால் சேர்வது. தனியாள் தங்கும் வாடகை அறைக்கு அது மெலிதாகத்தான் இருக்கும். இதைப் படித்தபோது செந்தூல் தம்பி உண்மையிலேயே கவலைப்பட்டார்.

“அண்ணே, நான் மூணு பேரோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். ஆளுக்கொரு பக்கம் மெகி மீ கிண்டிச் சாப்பிடுறோம். எங்க ரூமுக்கு வாசல் இருக்கா இல்லையா?”

“கூடி உக்காந்து சாப்பிட்டாத்தான் வாசல், தம்பி,” என்றார் கிள்ளானிலிருந்து வரும் டீச்சர்.

மாவிலைத் தோரணமும் கோலமும் தெரிந்த நமக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கொண்டோவில் நடைபாதையில் கோலம் போட்டால் நிர்வாகக் குழு கடிதம் அனுப்பும் காலத்தில், புச்சரின் வாசல் விதியைப் பற்றி எங்கள் கூட்டத்தில் மற்ற எதையும்விட அதிக நேரம் பேசியிருக்கிறோம். இத்தனை புத்தகங்களிலும் அவர் அதைக் கைவிடவில்லை என்பதுதான் விஷயம். பல தொடர்களில் ஐந்தாவது புத்தகத்தில் விதி தளரும், எட்டாவதில் கதாநாயகனுக்காகக் காற்றில் பறக்கும்.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் சில புத்தகங்களில் ஒரு பெண் காட்சிக்குள் வந்தாலே ஹேரி, டேப்போடு நிற்கும் தையல்காரன் மாதிரி அளவெடுக்க ஆரம்பித்துவிடுவான். இது டீச்சரின் வார்த்தை, அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. பெண்களைக் காப்பாற்றுவது என் பலவீனம் என்று அவனே சொல்லிக்கொள்வதும் சமாளிப்புதான். பின்னால் குறைகிறது, போய்விடவில்லை. எங்கள் கூட்டத்துக்கு வந்த இரண்டு பெண்கள் இதனாலேயே இரண்டாவது புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, 2020ன் இரட்டைப் புத்தகங்கள். ‘பீஸ் டாக்ஸ்’ ஜூலையில், ‘பேட்டில் கிரவுண்ட்’ செப்டம்பரில். எழுதும்போது ஒரே நாவல், பெரிதாகிவிட்டதால் இரண்டாக வெட்டினார்கள். வெட்டு நன்றாகவே தெரியும். முதல் பாதி பேச்சு, இரண்டாவது பாதி முழுக்க அடிதடி. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது கிடைத்ததால் அப்போது மன்னித்தோம். இப்போது திரும்பப் படித்தால் ‘பேட்டில் கிரவுண்ட்’டின் நடுப்பகுதி எனக்கு ஓடவில்லை. இடி, மின்னல், இன்னும் பெரிய இடி. ஆனால் அதில் ஒரு சாவு இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை. முதல் புத்தகத்திலிருந்து கூடவே வந்த ஆள். படித்தவர்களுக்குத் தெரியும்.

‘ட்வெல்வ் மந்த்ஸ்’ அந்தச் சாவுக்குப் பிறகான ஒரு வருடம். ஊரைத் திரும்பக் கட்ட வேண்டும், தெருவில் பிணம் தின்னும் பூதங்கள் திரிகின்றன, ஒயிட் கோர்ட்காரனான அண்ணன் தாமஸ் செத்துக்கொண்டிருக்கிறான். இதற்கு நடுவில் ஹேரியின் எஜமானியான, தேவதை இனத்தின் குளிர்கால ராணி மாப், ஒயிட் கோர்ட்டோடு செய்த கூட்டணிக்காக லாரா ரெய்த்தை ஹேரிக்கு நிச்சயம் செய்து வைத்திருக்கிறாள். லாரா தாமஸின் அப்பா வழி அக்கா (ஹேரியும் தாமஸும் அம்மா வழியில்தான் சகோதரர்கள்), ஒயிட் கோர்ட்டை நிஜமாக ஆள்பவள்.

எங்கள் கூட்டம் இரண்டாக உடைந்தது இங்கேதான். செந்தூல் தம்பிக்குப் புத்தகம் மெதுவாகப் போகிறது. “அஞ்சு வருசம் காத்திருந்தது இவன் சோகமா உக்காந்திருக்கிறதப் பாக்கவா?” என்றார். மற்ற புத்தகங்கள் இரண்டு மூன்று நாள் கதையாக ஓடும், இது மாதக்கணக்கில் நகர்கிறது என்ற வகையில் அவர் சொல்வது நியாயம். அதற்கு டீச்சர் சொன்ன பதிலைத்தான் நான் இந்தப் புத்தகத்தின் விமர்சனமாக எடுத்துக்கொண்டேன்.

“எங்க வீட்டுக்காரர் தவறிப்போன வருசம் தீபாவளியும் இல்ல, பொங்கலும் இல்ல. மாசாமாசம் படையல் மட்டும். அவர் சட்டைய எடுத்து மடிச்சு வைக்கவே எனக்குப் பல மாசம் கை வரல. இவன் முதல் மாசத்துலேயே எழுந்து சண்டைக்கு ஓடியிருந்தா நான் புத்தகத்த மூடி வச்சிருப்பேன், தம்பி.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஈப்போ அண்ணன்தான் ஆரம்பித்தார்.

“அது சரிங்க டீச்சர். துக்க வருசத்துல நிச்சயதார்த்தம் வைக்கலாமா? அதச் சொல்லுங்க.”

கடை அதிர்ந்தது. வருஷத் திவசம் முடியாமல் நல்ல காரியம் பேசக்கூடாது என்று ஒரு பக்கம். பெற்றவர் தவறினால் வருஷம் திரும்புவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணத்தை முடித்துவிடுகிற குடும்பங்களும் உண்டே என்று இன்னொரு பக்கம். ராணி மாப் இந்த இரண்டாவது கட்சி என்பது எங்கள் முடிவு. ஆனால் கேள்வியின் உண்மையான கூர்மை வேறு இடத்தில் இருக்கிறது. உணர்ச்சியைத் தின்று வாழும் ஒருத்தியிடம், உணர்ச்சி பொங்கி வழியும் நிலையில் இருக்கும் ஒருவனை உட்கார வைக்கிறார் புச்சர். பல புத்தகங்களுக்கு முன்னால் போட்ட காட்டேரி விதிகள் எல்லாம் இந்த ஒரு மேசைக்குத்தான் கொண்டுவந்து சேர்த்தன என்று தோன்றியது. லாராவும் ஹேரியும் எதிரெதிரே உட்காரும் பக்கங்களை நான் மெதுவாகத்தான் புரட்டினேன். அடிதடியே இல்லாமல் பயம் வந்தது.

எனக்கு இது தொடரின் நல்ல நாலைந்து புத்தகங்களில் ஒன்று. ஆனால் இதில் ஆரம்பிக்காதீர்கள், ஒன்றும் புரியாது. முதலிலிருந்து போக நேரம் இருந்தால் நல்லது, முதல் இரண்டும் சுமார்தான் என்று தெரிந்துகொண்டே போங்கள். பொறுமை இல்லாதவர்கள் மூன்றாவது ‘கிரேவ் பெரில்’ அல்லது ஏழாவது ‘டெட் பீட்’. 2007ல் வந்த தொலைக்காட்சித் தொடர் ஒரே சீசனோடு நின்றுபோனது, பார்க்காவிட்டால் நஷ்டம் இல்லை.

ஒலிப்புத்தகம் தனிச் சுகம். கெலானா ஜெயா எல்ஆர்டி ரயிலில் தினமும் போய் வருகிற எனக்கு பாதித் தொடர் காது வழியாகத்தான் ஏறியது. வாசிப்பவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ், முன்பு தொலைக்காட்சியில் காட்டேரியாகவே நடித்துப் பெயர் வாங்கிய நடிகர். ஆரம்பப் புத்தகங்களில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும், போகப்போக ஹேரியே பேசுவது போல ஆகிவிடும். 2011ல் ‘கோஸ்ட் ஸ்டோரி’யை மட்டும் வேறொருவர் வாசித்து, ரசிகர்கள் விடாமல் முனகி, பிற்பாடு மார்ஸ்டர்ஸே திரும்பப் பதிவு செய்தார்.

விலைதான் வயிற்றைக் கலக்குகிறது. கெட்டி அட்டைப் பிரதி நூறு வெள்ளியைத் தாண்டிவிட்டது. நான் இணையத்தில் முன்பதிவு செய்த கடை, மூலை நசுங்கிய பிரதியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியது, புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை. அவசரம் இல்லாதவர்கள் மெல்லிய அட்டைப் பதிப்புக்குக் காத்திருக்கலாம். வருமான வரிப் படிவத்தில் வாழ்க்கைமுறைக் கழிவாகப் புத்தகச் செலவையும் காட்டலாம் என்பதால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பினாங்குப் பக்கம் இருப்பவர்கள் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளைக் கிளறிப் பார்க்கலாம். நடுப் பாகங்கள் அங்கேயும் கிடைக்கும், முதலாவதுக்கு நான் பொறுப்பில்லை.

அடுத்தது ‘மிரர் மிரர்’ என்று புச்சர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்போது வரும் என்று எங்கள் கூட்டத்தில் யாரும் இப்போது பந்தயம் கட்டுவதில்லை. போன தடவை கட்டியவர் இன்னும் ஒரு மேசைக்கு வாழையிலைச் சாப்பாடு பாக்கி.