திரைவாசிப்பானோடு பன்னிரண்டு ஆண்டுகள்

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினியில் என்விடிஏ, கைப்பேசியில் டாக்பேக் என்று, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் இரண்டு திரைவாசிப்பான்களைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் பயன்படுத்துகிறேன். சில விஷயங்கள் இவ்வளவு காலம் புழங்கிய பிறகுதான் பிடிபட்டன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

என்விடிஏவை 2006இல் எழுதத் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன் என்ற ஆஸ்திரேலியர். அவருக்கும் பார்வை கிடையாது. இலவசம் என்பதற்காகத்தான் நிறுவினேன். விட்டு விலகாமல் இருப்பதற்குக் காரணம் அதன் நடை. இணையப் பக்கத்தில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, கே அழுத்தினால் அடுத்த இணைப்பு, பி அழுத்தினால் அடுத்த பொத்தான். நீங்கள் கண்ணை ஓட்டுவதுபோல நான் விரலை ஓட்டுகிறேன். ஆனால் பக்கத்தைச் செய்தவர் தலைப்பைத் தலைப்பாகக் குறிக்காமல், எழுத்தை மட்டும் பெரிதாக்கி விட்டிருந்தால் எச் விசைக்கு அங்கே வேலையில்லை. முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

குரலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அலுவல் வேலைக்கு நான் வைத்திருப்பது ஈஸ்பீக் குரல். இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் மெய்யெழுத்துகள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. மனிதக் குரல்போல இழையும் புதிய குரல்கள் வேகம் கூடினால் குழைந்துவிடுகின்றன. அவற்றைக் கதை படிக்க வைத்துக்கொள்கிறேன். இந்தக் கருவிகள் வந்த பிறகுதான் என் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்னொருவர் வாயால் கேட்காமல் நானே தெரிந்துகொண்டேன். அதுவரை அந்தத் தொகை எனக்குத் தெரிவதற்கு முன்பே வேறொருவருக்குத் தெரிந்துவிடும்.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு கோப்பைத் திறந்து, ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டேன்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையைப் பார்ப்பவர்களுக்கு அது ‘அம்மா’. கோப்பின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். தமிழ் வடிவம் வெறும் மேல்பூச்சு. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யுனிகோடு முறைக்கு ஒருவர் மாற்றிக் கொடுத்தால் அதே கோப்பு அடுத்த நொடியே பேசும். தமிழ்க் கோப்புகளை வெளியிடுகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காதால் மட்டுமே படிப்பதில் ஓர் இழப்பும் இருக்கிறது. ‘மனம்’, ‘மணம்’ இரண்டும் என் கருவியின் வாயில் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளியில் பிரெயில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து, படித்தேன். பிறகு பல ஆண்டுகள் அதைத் தொடவே இல்லை. ஒருநாள் நண்பருக்கு எழுதிய வாழ்த்தில் ‘திருமனம்’ என்று எழுதியிருப்பதை அவர் மெல்லச் சுட்டிக்காட்டினார். அன்றைக்கே முடிவு செய்து, பணம் சேர்த்து, திரையில் உள்ள வரியைப் பிரெயில் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும், 40 கட்டங்கள் கொண்ட பிரெயில் காட்டி ஒன்றை வாங்கினேன். கட்டத்துக்கு எட்டு ஊசிகள். வரி மாறும்போதெல்லாம் அவை எழுந்தும் அமர்ந்தும் புதிய எழுத்துகளாகின்றன. பிரெயில் எழுத்துக்கு ஆறு புள்ளிகள் போதும். கீழே உள்ள இரண்டும் நான் எந்த இடத்தில் தட்டச்சு செய்கிறேன் என்று காட்டுகின்றன. இப்போது ‘ண’வும் ‘ன’வும் என் விரலுக்கு வேறு வேறு. சிறு பிள்ளைகளுக்குப் பேசும் கருவியை மட்டும் கொடுத்து பிரெயிலை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி மனக்குறை. பல மாதங்கள் பழகிய ஒரு பணம் செலுத்தும் செயலி, ஒரு காலையில் புதுப்பித்துக்கொண்டதும் ஊமையாகிவிட்டது. திரையின் அடியில் மூன்று பொத்தான்கள். மூன்றையும் டாக்பேக் ஒரே மாதிரி அறிவித்தது: ‘பெயரிடப்படாத பொத்தான்’. கடவுச்சொல்லுக்கான நேரம் கரைந்துகொண்டிருக்கிறது. முதல் பொத்தானைத் தட்டினேன், நிரப்பியதெல்லாம் அழிந்தது. மறுபடி நிரப்பி இரண்டாவதைத் தட்டினேன், முகப்புக்குத் திரும்பியது. மூன்றாவது முறை நிரப்புவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கடைசியில் பக்கத்து அறையிலிருந்தவரைக் கூப்பிட்டு, என் கடவுச்சொல்லோடு கைப்பேசியைக் கொடுத்தேன். காட்சிக்கு ஈடான சொல்லை வைக்க வேண்டும் என்பது 1999இல் வெளியான முதல் இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் முதல் நெறி. விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன், பின்னால் வந்த ஒரு பதிப்பில் ‘செலுத்து’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். டாக்பேக்கில் நாமே பொத்தானுக்குப் பெயர் வைக்கவும் வழி உண்டு. அப்படி நான் வைத்த பெயர் அடுத்த புதுப்பிப்போடு போய்விட்டது.

கேமராவில் காட்டியதை விவரிக்கும் செயலிகளையும் பயன்படுத்துகிறேன். நண்பர்கள் அனுப்பும் படங்களில் யார் சிரிக்கிறார்கள், பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்கின்றன. அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மருந்துக்கு மட்டும் அவற்றை நம்புவதில்லை. ஒரே மாத்திரை அட்டையை இருமுறை காட்டியபோது ஒரு செயலி இரண்டு காலாவதித் தேதிகளைத் தயங்காமல் சொன்னது. அதனால் மருந்து வாங்கும் அன்றே பார்வையுள்ள ஒருவரைப் படிக்கச் சொல்லி, பெயரையும் தேதியையும் பிரெயிலில் குத்தி பெட்டியின் மேல் ஒட்டிவைக்கிறேன்.