விடை சரி, வழி தப்பு: ஒரு பொருளியல் பயிற்சிக் கணக்குத் தொகுப்பு எப்படி இருக்கிறது?

பன்னாட்டு வணிகம், பேரியல் பொருளியல், அடிப்படைப் புள்ளியியல் மூன்றையும் ஒரே கோப்பில் கட்டித் தரும் பயிற்சிக் கணக்குத் தொகுப்பு இது. இலவச பிடிஎஃப். கோட்பாட்டு விளக்கம் எதுவும் கிடையாது. வரிசையாகக் கணக்குகள், கடைசியில் விடைப் பட்டியல், அவ்வளவுதான். பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் இருப்பவர்களை மனதில் வைத்துத் தயாரித்திருக்கிறார்கள். வணிகப் பகுதிக்காக மட்டுமே இதைத் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். பேரியல் பகுதியைப் பாதி நம்பலாம். புள்ளியியல் பகுதியின் விடைகளை அப்படியே ஏற்றுக்கொண்டால் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு பயிற்சித் தொகுப்பில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. தப்பான வழியில் போனால் தப்பான விடை வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இது யாருக்குத் தெரியாது என்று தோன்றும். ஆனால் இந்தத் தொகுப்பிலேயே பெருக்கிக் கணக்குகளைப் பாருங்கள். பெருக்கி என்பது செலவு கூடினால் வருமானம் அதைப் போல் எத்தனை மடங்கு கூடும் என்பதைச் சொல்லும் எண். பெரும்பாலானவற்றில் இறுதிநிலை நுகர்வு நாட்டம், அதாவது கூடுதல் வருமானத்தில் செலவாகும் பங்கு, 0.5. பெருக்கியின் சூத்திரம் 1 ÷ (1 − 0.5), விடை 2. சூத்திரத்தை மறந்துபோய் 1 ÷ 0.5 என்று போடும் மாணவருக்கும் விடை 2தான். பட்டியலைப் பார்த்துச் சரி போட்டுக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். தேர்வில் 0.8 வந்தால் 5 என்று எழுத வேண்டிய இடத்தில் 1.25 என்று எழுதிவிட்டு வருவார். பயிற்சி செய்யாமலே இருந்திருந்தால்கூடச் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

இந்த அளவுகோலில் வணிகப் பகுதி நன்றாகத் தேறுகிறது. முதல் கணக்கு ஆங்கிலப் பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-இல் தந்த எண்களையே எடுத்துக்கொள்கிறது: ஓர் அலகு செய்ய ஓராண்டுக்குத் தேவைப்படும் ஆட்கள், இங்கிலாந்தில் துணிக்கு 100, ஒயினுக்கு 120, போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகலே திறமையான நாடு. ஆனால் வாய்ப்புச் செலவை, அதாவது ஒன்றைச் செய்ய மற்றதில் விட்டுக்கொடுப்பதை, கணக்கிட்டால், ஓர் அலகு துணிக்கு இங்கிலாந்து விட்டுக்கொடுப்பது 100 ÷ 120, அதாவது 0.83 அலகு ஒயின். போர்ச்சுகல் விட்டுக்கொடுப்பது 90 ÷ 80, அதாவது 1.125. ஆகவே துணியில் ஒப்பீட்டு நன்மை (குறைந்த வாய்ப்புச் செலவு) இங்கிலாந்துக்கு. இரு நாடும் ஒப்புக்கொள்ளும் வணிக வீதம் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டால் இங்கிலாந்துக்கு 20 ஆள் உழைப்பு மிச்சம், போர்ச்சுகலுக்கு 10.

இதுவரை எல்லாப் பாடநூலிலும் இருப்பதுதான். அடுத்த கணக்கில்தான் ஆசிரியரின் சாமர்த்தியம் தெரிகிறது. அதே எண்கள், அதே அட்டவணை, தலைப்பு மட்டும் வேறு: ‘ஓர் ஆள் ஓராண்டில் செய்யும் அலகுகள்’. இப்போது துணியின் வாய்ப்புச் செலவு இங்கிலாந்தில் 120 ÷ 100 = 1.2, போர்ச்சுகலில் 80 ÷ 90 = 0.89. விடை தலைகீழாகிவிடுகிறது: திறமையான நாடு இங்கிலாந்து, துணி செய்ய வேண்டியது போர்ச்சுகல். ஒப்பீட்டு நன்மைக் கணக்குகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான். அட்டவணை உள்ளீட்டைச் சொல்கிறதா, விளைவைச் சொல்கிறதா என்று பார்க்காமலே வகுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் வகுப்பெடுத்துப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

சுங்க வரிக் கணக்கு இந்தத் தொகுப்பிலேயே சிறந்தது. உள்நாட்டுத் தேவை = 120 − 2 × விலை. உள்நாட்டு அளிப்பு = 2 × விலை − 20. உலக விலை 20. நாடு சிறியது, அதனால் வரி போட்டாலும் உலக விலை அசையாது. தடையற்ற வணிகத்தில் தேவை 80, அளிப்பு 20, இறக்குமதி 60. அலகுக்கு 5 வரி போட்டால் விலை 25, தேவை 70, அளிப்பு 30, இறக்குமதி 40. நுகர்வோர் இழப்பது 5 × (80 + 70) ÷ 2 = 375. உற்பத்தியாளர் பெறுவது 5 × (20 + 30) ÷ 2 = 125. அரசுக்கு 5 × 40 = 200. மிச்சம் 50 யாருக்கும் போகாமல் வீணாகும் நிகர இழப்பு. வரைபடத்தின் இரண்டு முக்கோணங்களையும் தனியாகப் போட்டுச் சரிபார்க்கலாம்: ஒவ்வொன்றும் ½ × 5 × 10 = 25.

இதில் வழக்கமான தப்பு, வரி வருவாயைக் காண 5-ஐ வரிக்கு முந்தைய இறக்குமதியான 60-ஆல் பெருக்குவது. அப்படிச் செய்தால் வருவாய் 300, நிகர இழப்பு −50. சிறிய நாடு வரி போட்டு லாபம் பார்ப்பதாக வருகிறது. அது நடக்காது என்று கோட்பாடு சொல்லிவிட்டதால் மாணவரே நின்று திரும்பிப் பார்ப்பார். எண்களை இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே கணக்கின் கடைசி உட்பிரிவு, வருவாயை உச்சமாக்கும் வரி எவ்வளவு என்று கேட்கிறது. இறக்குமதி 60 − 4 × வரி என்பதால் 7.5-இல் உச்சம், வருவாய் 225. விடைப் பட்டியல் அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம்: வரியை 5-இலிருந்து 7.5 ஆக்கியதில் அரசுக்குக் கூடியது வெறும் 25. நிகர இழப்போ 50-இலிருந்து 112.5-க்குத் தாவுகிறது. முக்கோணத்தின் பரப்பு வரியின் வர்க்கத்தோடு வளர்வதுதான் காரணம். கோட்டா பற்றிய கணக்கும் ஒழுங்காக இருக்கிறது. இறக்குமதி 40 என்று வரம்பு வைத்தால் விலை அதே 25தான். ஆனால் அந்த 200 உரிமம் வைத்திருப்பவர் கைக்குப் போகிறது. உரிமம் வெளிநாட்டவரிடம் இருந்தால் நாட்டின் இழப்பு 250.

செயல்வீதப் பாதுகாப்பு, அதாவது வரிகளால் உள்நாட்டு மதிப்புக் கூட்டல் எத்தனை சதவீதம் கூடுகிறது என்பது, பற்றி இரண்டே கணக்குகள், இரண்டும் கச்சிதம். பொருளின் விலை 100, அதில் இறக்குமதி உள்ளீடு 60, உள்நாட்டு மதிப்புக் கூட்டல் 40. பொருளுக்கு மட்டும் 20% வரி என்றால் மதிப்புக் கூட்டல் 60 ஆகிறது. பாதுகாப்பு 20% அல்ல, 50%. உள்ளீட்டுக்கும் 10% வரி போட்டால் 120 − 66 = 54, பாதுகாப்பு 35%. உள்ளீட்டு வரியை 50% ஆக்கினால் மதிப்புக் கூட்டல் 30-ஆகச் சுருங்கி, பாதுகாப்பு என்ற பெயரில் தொழிலுக்கு −25% தண்டனை. பெரிய நாட்டின் வரி உலக விலையையே இறக்கும் நிலை பற்றி மட்டும் ஒரு கணக்குகூட இல்லை. அது இல்லாமல் வணிகப் பகுதி முழுமை அடையாது.

பேரியல் பகுதிக்கு வருவோம். பெருக்கியின் குறையை முதலிலேயே சொல்லியாயிற்று. சரிசெய்வது எளிது: கணக்குகளை விடுங்கள், எண்களை மட்டும் மாற்றுங்கள். நுகர்வு = 100 + 0.8 × (வருமானம் − வரி), முதலீடு 150, அரசுச் செலவு 200, வரி 100 என்று வையுங்கள். வருமானம் 370 ÷ 0.2 = 1850. செலவை 50 கூட்டினால் வருமானம் 250 கூடும். வரியை 50 குறைத்தால் 200தான் கூடும், ஏனென்றால் கைக்கு வந்த 50-இல் 10 முதல் சுற்றிலேயே சேமிப்புக்குப் போய்விடுகிறது. செலவையும் வரியையும் சேர்த்தே 50 கூட்டினால் வருமானம் சரியாக 50 கூடும். பிறகு வரியை வருமானத்தில் 25% என்று மாற்றிப் பாருங்கள்: பெருக்கி 1 ÷ (1 − 0.8 × 0.75) = 2.5. வருமானத்தில் 10% இறக்குமதிக்குப் போகிறது என்றும் சேர்த்தால் 2. ஐந்து இரண்டாகக் கரைவதைக் கையால் போட்டுப் பார்த்தவருக்குச் சூத்திரம் மறக்காது. தொகுப்பில் வரியும் இறக்குமதியும் சேர்ந்த பெருக்கியே வரவில்லை.

வேலையின்மைக் கணக்குகள் நன்றாக இருக்கின்றன. வயது வந்தோர் 1000 பேர், வேலையில் 570, வேலை தேடுவோர் 30. வேலையின்மை வீதம் 30 ÷ 600 = 5%. 1000-ஆல் வகுத்தவருக்கு 3% வரும், உடனே தெரிந்துவிடும். தேடியவர்களில் 10 பேர் சலித்துத் தேடுவதையே நிறுத்தினால்? 20 ÷ 590 = 3.4%. ஒருவருக்கும் வேலை கிடைக்காமல் வீதம் இறங்குகிறது. உழைப்புப் பங்கேற்பு வீதமும் 60-இலிருந்து 59%-ஆக இறங்குவதைக் கூடவே கேட்டிருப்பது அழகு. செய்தித்தாளில் ஒரு எண்ணை மட்டும் பார்த்து மகிழ்வதற்கு இது நல்ல மருந்து.

உள்நாட்டு உற்பத்திக் கணக்குகள் வழக்கமானவை. பழைய காரை 260-க்கு வாங்கி 300-க்கு விற்கும் வியாபாரியின் கணக்கில், கார் புதிய உற்பத்தி அல்ல என்பதால், அவர் சேவைக்கான 40 மட்டுமே சேரும் என்பதைத் தவிர அங்கே சொல்ல அதிகம் இல்லை.

மெய் வட்டி வீதத்தில் (பணவீக்கத்தை நீக்கிய வட்டியில்) மீண்டும் பழைய நோய். வட்டி 8%, பணவீக்கம் 5% என்று கொடுத்து விடை 3% என்கிறது பட்டியல். துல்லியமாகப் போட்டால் 1.08 ÷ 1.05 − 1 = 2.86%. இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், சரிதான். ஆனால் வட்டி 60%, பணவீக்கம் 50% என்று கொடுத்திருந்தால் கழித்தல் வழி 10% என்னும், உண்மை 6.67%. தோராயம் எங்கே உடைகிறது என்று காட்ட வேண்டிய கணக்கு அது உடையாத இடத்திலேயே நின்றுவிடுகிறது. பணப்பெருக்கியிலும் (அடிப்படைப் பணம் மொத்தப் பணமாக எத்தனை மடங்காகிறது என்பதிலும்) இதே கதை: வங்கிகள் வைப்புத்தொகையில் ஒதுக்கி வைக்கும் இருப்பு விகிதம் 0.1, ஆகவே பெருக்கி 10. மக்கள் வைப்புத்தொகையில் 0.2 பங்கைக் கையில் ரொக்கமாக வைத்துக்கொண்டால் 1.2 ÷ 0.3 = 4 என்பது எங்கும் வரவில்லை.

புள்ளியியல் பகுதியைத்தான் கவனமாகத் தொட வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு கருதுகோள் சோதனை. 16 பேர் கொண்ட மாதிரி, சராசரி 54, மாதிரியின் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 8. முழுமைத் தொகுதியின் (மாதிரி எடுக்கப்பட்ட மொத்தக் கூட்டத்தின்) சராசரி 50 என்பதை 5% மட்டத்தில் இருபுறமும் சோதிக்கச் சொல்கிறது. திட்டப் பிழை 8 ÷ 4 = 2, சோதனை எண் (54 − 50) ÷ 2 = 2. பட்டியல் இதை இயல்நிலைப் பரவலின் எல்லையான 1.96 உடன் ஒப்பிட்டு, 2 பெரியது, கருதுகோளை நிராகரி என்கிறது. தப்பு. திட்ட விலக்கம் மாதிரியிலிருந்து எடுத்தது, மாதிரியும் சிறியது. சிறு மாதிரிக்கான டி அட்டவணையில் 15-க்கான (16 − 1) வரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பது 2.131. நிராகரிக்க முடியாது. நம்பிக்கை இடைவெளியும் அதையே சொல்கிறது: டி வழியில் 49.74 முதல் 58.26 வரை, 50 உள்ளே இருக்கிறது; பட்டியலின் வழியில் 50.08 முதல் 57.92 வரை, 50 வெளியே போய்விடுகிறது. சிறு மாதிரிக்குத் தனி அட்டவணை வேண்டும் என்று புள்ளியியலாளர் கோசெட் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதியது 1908-இல். கேள்வியில் ‘முழுமைத் தொகுதியின் திட்ட விலக்கம் 8’ என்றிருந்தால், தொகுதி இயல்நிலைப் பரவலில் இருக்கும் பட்சத்தில், 1.96 சரியாகிவிடும். ஒருவேளை கேள்வியில்தான் சொல் மாறிவிட்டதோ என்னவோ. எப்படியானாலும் கணக்கு நல்ல கணக்கு. விடையைத் திருத்திவிட்டுச் செய்யுங்கள், இரு வழிக்கும் இரு முடிவு வருவதைப் பார்க்கலாம்.

திட்ட விலக்கக் கணக்குகளில் மாதிரியா, முழுத் தொகுதியா என்றே பல இடங்களில் சொல்லவில்லை. 4, 7, 8, 9, 12 என்ற ஐந்து எண்களுக்குச் சராசரி 8, விலக்க வர்க்கங்களின் கூட்டல் 34. ஐந்தால் வகுத்தால் திட்ட விலக்கம் 2.61, நான்கால் வகுத்தால் 2.92. பட்டியல் ஒரு கணக்கில் ஒன்றையும் இன்னொன்றில் மற்றதையும் பயன்படுத்துகிறது. எக்செலில் சரிபார்ப்பவர்கள், மாதிரிக்கு ‘எஸ்டிடெவ்.எஸ்’, முழுத் தொகுதிக்கு ‘எஸ்டிடெவ்.பி’ என்று இரண்டையும் போட்டு எது பொருந்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பி மதிப்பு 0.04 என்றால் இன்மைக் கருதுகோள் (‘வேறுபாடு இல்லை’ என்று சோதிக்கப்படும் கூற்று) உண்மையாக இருக்க 4% வாய்ப்பு என்று ஒரு விடை விளக்குகிறது. அதை அடித்துவிடுங்கள். இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும் பட்சத்தில், இந்த அளவோ இதைவிட அதிகமோ விலகிய முடிவு வர 4% வாய்ப்பு என்பதே பொருள்.

சராசரி வளர்ச்சி பற்றிய ஒரே கணக்கு இந்தப் பகுதியின் மானத்தைக் காப்பாற்றுகிறது. முதல் ஆண்டு 50% ஏற்றம், அடுத்த ஆண்டு 50% இறக்கம். கூட்டுச் சராசரி பூஜ்யம். ஆனால் 100 என்பது 75-இல் வந்து நிற்கிறது. 0.75-இன் வர்க்கமூலம் 0.866, ஆண்டுக்கு 13.4% சரிவு. இதைப் பேரியல் பகுதியில் வைத்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

விடைப் பட்டியலில் பெரும்பாலும் இறுதி விடை மட்டுமே, முழுப் படிகள் கிடையாது. வணிகப் பகுதிக்கு மட்டும் வரைபடங்கள் உண்டு. அச்செடுத்தால் சில அட்டவணைகளின் தலைப்பு ஒரு பக்கத்திலும் எண்கள் அடுத்த பக்கத்திலும் விழுகின்றன. உள்ளீடா விளைவா என்று தலைப்பைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டிய கணக்குகளில் இது சில்லறைக் குறை அல்ல, திரையிலேயே வைத்துச் செய்வது நல்லது. வணிகப் பகுதியை முழுதாகச் செய்யுங்கள். பேரியலில் பெருக்கி, வட்டி, பணப்பெருக்கி மூன்றுக்கும் மேலே சொன்ன எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். திருத்திய பதிப்பு வரும்வரை கருதுகோள் சோதனைக் கணக்குகளை டி அட்டவணை கையில் இல்லாமல் தொடாதீர்கள்.