பைக்கு முழு மார்க், புட்டிக்குப் பூஜ்யம்

பெட்டியை லக்கேஜில் போடாமல் கைப்பையோடு மட்டும் பறக்கிற ஆள் நான். அதனால் பாதுகாப்புச் சோதனையில் ஷாம்பூ, பேஸ்ட், கிரீம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காட்டுகிற சடங்கு ஒவ்வொரு முறையும் உண்டு. ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேல் கொள்ளாத புட்டியில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ட்ரான்ஸ்பரென்ட் பைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு நாள் சமையலறை ஜிப்லாக் கவரிலேயே ஓட்டினேன், இரண்டு பயணத்தில் அதன் வாய் கிழிந்துவிடும். அலுத்துப்போய் ஒரு ட்ரான்ஸ்பரென்ட் பையும் நான்கு குட்டிப் புட்டிகளும் சேர்ந்த செட் ஒன்றை வாங்கினேன். நான்கு பயணம் ஆகிவிட்டது.

பை அருமை. ஜிப் எங்கேயும் சிக்காமல் ஓடுகிறது. ஓரத்தில் ஒரு துணி வளையம் வைத்திருக்கிறார்கள், முதுகுப்பையில் எல்லாவற்றுக்கும் மேலே இதை வைத்துவிட்டு, வரிசையில் நிற்கும்போது வளையத்தில் விரலைக் கொடுத்து இழுத்தால் மொத்தமும் ஒரே இழுப்பில் ட்ரேக்கு வந்துவிடும். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவதற்குள் பெல்ட்டையும் கழற்றிவிடலாம்.

ஆனால் ஒரு லிட்டர் என்று போட்டிருப்பதை நம்பிப் பத்து 100 மில்லி புட்டி கொள்ளும் என்று கணக்குப் போடாதீர்கள். 20க்கு 20 சென்டிமீட்டர் தட்டைப் பை, ஐந்தாறு போட்டதுமே வயிறு புடைத்துக்கொண்டு ஜிப் மூட மறுக்கிறது, மூடாத பையை அங்கே ஏற்க மாட்டார்கள். மருந்தும் கைக்குழந்தைக்கான பாலும் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது, அவற்றை இதில் திணிக்காமல் தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

சரி, புட்டிக்கு வருகிறேன். அளவு எங்கேயும் அச்சிடவில்லை! 2006இல் விமானங்களைத் திரவ வெடிகுண்டால் தகர்க்கும் சதி பிரிட்டனில் பிடிபட்ட பிறகு வந்ததுதான் இந்த 100 மில்லி விதி, புட்டியின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள், உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அல்ல. 150 மில்லி ட்யூபில் கடைசிப் பிதுக்கலுக்குப் பேஸ்ட் இருந்தாலும் போச்சு. மூன்றாவது பயணத்தில் அதிகாரி என் ஷாம்பூ புட்டியைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

“இது எத்தனை மில்லி?”

“எண்பது இருக்கும் சார்.”

“எங்கே போட்டிருக்கு?”

பதில் சொல்ல என்ன இருக்கிறது, புட்டி குப்பைத் தொட்டிக்குப் போனது. வீட்டுக்கு வந்து மீதிப் புட்டி ஒன்றில் தண்ணீர் ஊற்றி அளந்தேன், சரியாக 80தான். விற்றவர்களுக்கு எழுதினால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் வருகிறது. என் கையெழுத்தில் ‘80’ என்று எழுதி ஒட்டினால் யார் நம்புவார்கள்?

சில விமான நிலையங்களில் பைக்குள் இருப்பதை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் பிடித்துக் காட்டுகிற சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, அங்கே பெரும்பாலும் பையிலிருந்து எதையும் எடுக்கச் சொல்வதில்லை. ஆனால் திரும்பி வருகிற ஊரில் பழைய மெஷின் இருந்தால் மறுபடியும் இதே சடங்குதான், அதனால் பையை விடுவதாக இல்லை. அளவு அச்சிட்ட ட்ராவல் சைஸ் ட்யூப்களைக் கடையில் வாங்கி அதில் போட்டுக்கொண்டேன். மீதி மூன்று புட்டியும் குளியலறை அலமாரியில் சும்மா நிற்கின்றன.