நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம்: உஸ்மான் சாலை ஷோரூமும் சௌகார்பேட்டை மாடிக்கடையும்

தங்கை மகனின் நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்குப் போட ஒற்றைக்கல் வைர மோதிரம் ஒன்று தேவைப்பட்டது. அரை கேரட்டை ஒட்டிய கல், 18 கேரட் தங்கம், நியாயமான விலை என்பதே எங்கள் கணக்கு. தி. நகர் உஸ்மான் சாலையில் பெரிய ஷோரூம் ஒன்றிலும், என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில் மாடியில் அமர்ந்து வியாபாரம் செய்யும் வைர வியாபாரி ஒருவரிடமும் விலை விசாரித்தோம். வாங்கியது மாடிக்கடையில்தான். விலை குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. கல்லுக்கு எவ்வளவு, தங்கத்துக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே பிரித்துச் சொன்னவர் அவர்தான்.

ஷோரூமில் உபசரிப்புக்குக் குறைவில்லை. வடிவங்களும் ஏராளம், மணப்பெண்ணுக்குப் பிடித்த வடிவத்தை அங்கேதான் கண்டுபிடித்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கல்லைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் கிடைத்த விடை ஒன்றே: "எல்லாமே விவிஎஸ், ஈ-எஃப் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." வைரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதைவிட விபரீதமான யோசனை வேறில்லை. விவிஎஸ் என்பது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பார்த்தாலும் எளிதில் புலப்படாத அளவுக்கே உள்குறை இருக்கும் தரம். ஈ, எஃப் இரண்டும் நிறமற்ற கல்லைக் குறிக்கும் எழுத்துகள். இவை நல்ல தரங்களே. எனினும் ஒரு வைரம் ஒளிர்வதும் மங்கித் தெரிவதும் பெரும்பாலும் அதைப் பட்டை தீட்டிய நேர்த்தியைப் பொறுத்தது. அந்த 'கட்' என்ன தரம் என்ற கேள்விக்கு அங்கே விடை வரவில்லை. மேலே எரியும் ஸ்பாட் விளக்குகளின் கீழ் எந்தக் கல்லும் ஜொலிக்கத்தான் செய்யும். மோதிரத்தை வாசற்கதவருகே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது, அதே கல்லின் நடுப்பகுதி சற்றுக் களையிழந்து தெரிந்தது.

எஸ்டிமேட் சீட்டில்தான் எங்களுக்கு நெருடல் ஏற்பட்டது. மோதிரத்தின் மொத்த எடை 3.300 கிராம், கல் 50 சென்ட், அதாவது அரை கேரட். கல்லின் எடையில் ஒரு கேரட் 0.2 கிராம் என்பதால் கல்லின் எடை 0.100 கிராம், தங்கத்துக்கு 3.200 கிராமுக்குத்தான் விலை போட வேண்டும். சீட்டிலோ மொத்த எடைக்கும் தங்க விலை போட்டு, அதன் மேல் சேதாரத்தையும் ஏற்றியிருந்தார்கள். கல்லுக்கு வைர விலையும் கொடுத்து, அதன் எடைக்குத் தங்க விலையும் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? கேட்டவுடன் மறுப்பேதும் சொல்லாமல் திருத்திக் கொடுத்தார்கள் என்பது ஒரு பக்கம். கேட்காதவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பது மறுபக்கம். செய்கூலியில் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். வைர மோதிரத்தின் விலையில் பெரும்பகுதி கல்லில் இருக்கும்போது, செய்கூலியில் கிடைக்கும் தள்ளுபடி கண்ணுக்குத்தான் பெரிது. 18 கேரட்டைக் குறிக்கும் 750 என்ற ஹால்மார்க்கும், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் பொறிக்கும் ஆறு எழுத்து எச்யுஐடி எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே உத்தரவாதம். வைரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

மாடிக்கடையில் அலங்காரம் கிடையாது. மேசை, வெள்ளை விளக்கு, தராசு, காகிதப் பொட்டலங்களில் மடித்த கற்கள், அவ்வளவுதான். வியாபாரி முதலில் செய்த வேலை, லூப்பை எங்கள் கையில் கொடுத்து, கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்திருந்த எண்ணைப் படிக்கச் சொன்னதுதான். அந்த எண், வைரங்களைத் தரம் பிரிக்கும் ஜிஐஏ நிறுவனத்தின் சான்றிதழில் இருந்த எண்ணோடு பொருந்தியது. சான்றிதழை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் அங்கேயே சரிபார்த்துக்கொண்டோம். ஜிஐஏ உதிரிக் கற்களுக்கு மட்டுமே தரச்சான்று வழங்குகிறது. நகையில் பதித்த பிறகு ஒரு கல்லை எல்லாப் பக்கமும் பார்த்து எடை போட முடியாது என்பதால், கல்லைத் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பிறகு பதித்துக்கொள்வதே தெளிவான வழி.

நாங்கள் 50 சென்ட் கேட்டோம். அவர் 47 சென்ட் கல்லை எடுத்து வைத்தார். 30 சென்ட், 50 சென்ட், ஒரு கேரட் போன்ற எல்லைகளைத் தொட்டதும் எடைக்கான விலை மட்டுமல்ல, ஒரு கேரட்டுக்கான விலையே ஒரு படி ஏறிவிடும். 47 சென்ட் கல்லுக்கும் 50 சென்ட் கல்லுக்கும் விட்டத்தில் உள்ள வித்தியாசமோ ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், விரலில் போட்ட பிறகு அது யாருக்கும் தெரியப் போவதில்லை. நிறம் எஃப்-க்கு அடுத்த ஜி, தூய்மை விவிஎஸ்-க்கு அடுத்த படியான விஎஸ்1, கட், பாலிஷ், சமச்சீர் மூன்றும் எக்ஸலன்ட். மஞ்சள் தங்கத்தில் பதிக்கும்போது ஜி நிறக் கல்லும் வெண்மையாகவே தெரியும் என்பதால், டி, ஈ, எஃப் நிறங்களுக்குக் கூடுதல் பணம் கொடுக்க நான் உடன்படவில்லை.

உடன் வந்த என் அத்தைக்கு 'ப்ளூ ஜாகர்' கல்தான் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்திலிருந்து பெயர் பெற்ற, நீலச் சாயல் காட்டும் அந்தக் கற்களுக்கு நம் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றும் மதிப்புண்டு. ஆனால் சான்றிதழில் நீல ஒளிர்வு (புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வது) என்று குறிப்பிடப்பட்ட கல்லுக்கு இன்றைய சந்தையில் பெரும்பாலும் விலை சற்றுக் குறைவு. எனவே கடை விற்பனையாளர் அதையே சிறப்பு என்று சொல்லிக் கூடுதல் கேட்டால் யோசிக்க வேண்டும். கரும்புள்ளி உள்ள கல் ஆகாது என்ற அத்தையின் இன்னொரு நிபந்தனையை நான் மறுக்கவில்லை. தோஷத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், நடுவில் கரும்புள்ளி உள்ள கல் விற்கப் போகும்போது பின்தங்கும்.

பேரத்தில் இந்த ஊருக்குப் பழைய பெருமை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் கோட்டை ஆளுநராக இருந்த தாமஸ் பிட், 410 கேரட் கல்லொன்றுக்கு வியாபாரி ஜாம்சந்த் கேட்ட 2 லட்சம் வராகனை 48,000 வராகனுக்கு இறக்கினார். பட்டை தீட்டிய பின் ரீஜன்ட் வைரம் என்று பெயர் பெற்ற அது இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. சான்றிதழ் உள்ள கல்லுக்கு அவ்வளவு பேரம் செல்லாது. அதே எடை, நிறம், தூய்மை, கட் கொண்ட கற்களின் விலையை இணையத்தில் ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது அந்த வரம்புக்குள்ளேயே இருந்தது, சிறிது குறைத்தும் கொடுத்தார்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரங்களையும் அவர் காட்டினார். அவையும் உண்மையான வைரங்களே, விலையும் பல மடங்கு குறைவு. ஆனால் திரும்ப விற்கும்போது பெரிதாக எதுவும் கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

மாடிக்கடையின் குறைகளும் கொஞ்சமல்ல. ஷோரூமைப் போல நகையை மாற்றிக்கொள்ளும் திட்டம் கிடையாது. கல்லைப் பதிக்க வேறொரு பட்டறைக்குத்தான் அனுப்புகிறார்கள்; சொன்ன தேதி தள்ளிப்போனது, மோதிரத்தின் அளவும் ஒரு முறை சரிசெய்ய வேண்டியிருந்தது. முகூர்த்தம் நெருங்கிவிட்டவர்களும், ஓரிரு ஆண்டுகளில் நகையை மாற்றும் வழக்கமுள்ளவர்களும் ஷோரூமுக்கே போகலாம். அங்கும் உதிரிக்கல்லின் சான்றிதழையும், கல் எடை கழித்த எஸ்டிமேட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு, 3 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்த இறுதித் தொகையை வைத்து ஒப்பிட வேண்டும்.