கமிஷன் யார் பையிலிருந்து வருகிறது? அஃபிலியேட் திட்டங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

"வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், அஃபிலியேட் மார்க்கெட்டிங்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், அது நான்கு விதமான வேலைகளில் எதுவாகவும் இருக்கலாம். அமேசான் போன்ற கடையின் பொருளுக்கு லிங்க் கொடுத்துக் கமிஷன் வாங்குவது ஒன்று; அஃபிலியேட் என்ற சொல்லின் நேரான பொருள் இதுதான். ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு கோர்ஸ் வாங்கி, அதே கோர்ஸை அடுத்தவருக்கு விற்பது இன்னொன்று. ஆப்பில் விளம்பரம் பார்ப்பது, சர்வே நிரப்புவது மூன்றாவது. டெலிகிராமில் 'டாஸ்க்' முடிப்பது நான்காவது. நான்குக்கும் அழைப்பு ஒரே மாதிரிதான் இருக்கிறது. முதலாவது சரிப்பட்டு வராவிட்டால் கொஞ்சம் நேரம் வீணாகும், அவ்வளவுதான். நான்காவதிலோ ஒரே மாலையில் வீட்டுச் சேமிப்பு முழுவதும் போய்விடலாம்.

கம்பெனி பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், பெரிய ஆபீஸின் போட்டோ ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் நிறைய. ஒரு கம்பெனியைப் பதிவு செய்வது யாருக்கும் முடிகிற காரியம். பதிவுச் சான்றிதழ் அந்தத் தொழிலுக்கு அரசு கொடுத்த ஒப்புதல் ஆகாது. நான் பார்ப்பது வேறு: எனக்குக் கமிஷனாக வரப்போகும் ரூபாய் முதலில் யார் பையிலிருந்து புறப்படுகிறது?

கடையின் திட்டம்

அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை 1996இல் தொடங்கியது. உங்கள் லிங்க்கில் உங்களுக்கான குறியீடு ஒன்று இருக்கும். அதைத் தட்டி உள்ளே போனவர் 24 மணி நேரத்துக்குள் பொருள் வாங்கினால் அந்த விற்பனை உங்கள் கணக்கில் ஏறும். வாங்கியவருக்குப் பொருள் கிடைத்துவிட்டது. கடைக்கு லாபம் வந்துவிட்டது. அந்த லாபத்தில் ஒரு துண்டு உங்களுக்கு. வீட்டுத் தரகருக்குக் கிடைக்கும் கூலி மாதிரிதான் இதுவும். வீடு கைமாறினால் உண்டு, மாறாவிட்டால் இல்லை.

இந்தத் திட்டத்தின் விதிகளைப் படிக்கும்போது எனக்குப் பிடித்தது, அவை உங்களை வரவேற்பதைவிடத் தடுப்பதில்தான் அதிகம் கவனமாக இருக்கின்றன. சேரக் கட்டணம் கிடையாது. ஆனால் 180 நாளுக்குள் தகுதியான மூன்று விற்பனையாவது வராவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்கினால் கமிஷன் இல்லை. பணமும் உடனே வராது. மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் ஆகும். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கமிஷனும் திரும்பிப் போய்விடும். தாமதத்துக்குக் காரணமே அதுதான்: உண்மையான விற்பனை என்றால் ரிட்டர்ன் இருக்கும், அது தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

வருமானம் எப்படி இருக்கும்? ஒரு மாதிரிக் கணக்கு. ஆயிரம் பேர் உங்கள் லிங்க்கைத் தட்டுகிறார்கள், அதில் 20 பேர் வாங்குகிறார்கள், ஆளுக்கு 800 ரூபாய்க்கு. மொத்தம் 16,000. கமிஷன் 4% என்றால் உங்களுக்கு 640 ரூபாய். ஆயிரம் பேரைத் தட்ட வைப்பதற்குச் சமையல், தோட்டம், கேமரா என்று ஏதோ ஒன்றைப் பற்றி மாதக்கணக்கில் நல்ல வீடியோவோ கட்டுரையோ போட்டிருக்க வேண்டும். நேர்மையான அஃபிலியேட் வருமானம் பெரும்பாலோருக்கு இந்த அளவில்தான் தொடங்கும்.

வெப் ஹோஸ்டிங், மென்பொருள் நிறுவனங்களின் திட்டங்களில் கமிஷன் இதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே ஒரு வாடிக்கையாளர் வந்தால் ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டுவார், அதனால் முதலில் தாராளமாகக் கொடுக்கக் கட்டுப்படியாகிறது. எனவே கமிஷன் விகிதம் பெரியது என்பதை மட்டும் வைத்து ஒன்றை மோசடி என்று சொல்லிவிட முடியாது.

கோர்ஸ் பேக்கேஜ்

கல்லூரி மாணவர்களும் கைக்குழந்தையோடு வேலையை விட்ட பெண்களும் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். அதனால் இதை நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் நீங்கள் ஒரு பேக்கேஜ் வாங்க வேண்டும். டிஜிட்டல் மார்க்கெட்டிங், இன்ஸ்டாகிராம் வளர்ச்சி, பேச்சுத் திறன் என்று சில வீடியோ கோர்ஸ்கள் அதில் இருக்கும். வாங்கியதும் உங்களுக்கு ஒரு லிங்க். அந்த லிங்க்கில் இன்னொருவர் அதே பேக்கேஜை வாங்கினால் விலையில் பெரும்பங்கு உங்களுக்கு. அவர் அடுத்தவருக்கு விற்றால் அதிலும் ஒரு சிறு பங்கு. இரவில் ஜூம் மீட்டிங், ஸ்டேட்டஸில் வருமான ஸ்க்ரீன்ஷாட், "கனவு காணுங்க" என்று குரல் செய்தி.

பேக்கேஜ் 5,000 ரூபாய் என்று வையுங்கள். விற்றவருக்கு 70%, அதாவது 3,500. அவரைச் சேர்த்தவருக்கு 10%, அதாவது 500. மீதி 1,000 நிறுவனத்துக்கு. வாங்குகிற ஒவ்வொருவரும் விற்பதற்காகவே வாங்குகிறார் என்றால், ஆயிரம் பேர் சேர்ந்தபின் உள்ளே வந்த பணம் 50 லட்சம். உறுப்பினர்களுக்குத் திரும்பிப் போனது அதிகபட்சம் 40 லட்சம். ஆக, ஆயிரம் பேரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு 1,000 ரூபாய் நஷ்டம். ஆயிரம் பேர் ஒரு லட்சம் பேர் ஆனாலும் இந்தச் சராசரி மாறாது. அத்தனை பேரும் இரவு பகலாக உழைத்தாலும் மாறாது. ஸ்டேட்டஸில் ஒருவர் 2 லட்சம் காட்டுகிறார் என்றால், ஒன்றும் விற்க முடியாமல் ஐயாயிரத்தையும் இழந்த பலர் அதே கணக்கில் எங்கோ இருக்கிறார்கள் என்று பொருள். "நீ சரியா உழைக்கல" என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. அது பொய். கணக்கிலேயே அவர்களுக்கு இடம் கிடையாது.

இந்த நஷ்டம் நிற்க ஒரே வழி, விற்கும் எண்ணமே இல்லாமல் படிப்பதற்காக மட்டும் வாங்குகிறவர்கள் வெளியிலிருந்து வர வேண்டும். அமேசானில் குக்கர் வாங்குபவர் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்களில் யாரும் குக்கர் விற்கப் போவதில்லை. ஆகவே சேரச் சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "அண்ணா, உங்ககிட்ட வாங்கினவங்கள்ல எத்தனை பேர் லிங்க் வேண்டாம், படிச்சா போதும்னு வாங்கினாங்க?" இந்தக் கேள்விக்கு நேராக ஓர் எண் வராமல் கார் வாங்கிய கதை வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இதே வடிவம் அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்து முடிந்திருக்கிறது. 'மை ஆன்லைன் பிசினஸ் எஜுகேஷன்', சுருக்கமாக மோப் என்ற நிறுவனம், 49 டாலருக்கு 21 படிகள் கொண்ட பயிற்சி என்று ஆரம்பித்தது. உள்ளே போனதும் ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள உறுப்பினர் நிலைகளை வாங்கத் தூண்டினார்கள். சம்பாதிக்கும் வழி, அதே நிலைகளை மற்றவர்களுக்கு விற்பது. 2018 ஜூனில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நீதிமன்றம் போய் அதை நிறுத்தியது. வசூலானது 12.5 கோடி டாலருக்கு மேல் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2022இல் ஏமாந்தவர்களுக்குத் திருப்பி அனுப்ப முடிந்தது சுமார் 2.3 கோடி டாலர். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நேர்மையான திட்டம், "இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு" என்று வெளிப்படையாகச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தும். அமேசான் அதை விதியாகவே வைத்திருக்கிறது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலும் 2021இல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு அதையே சொன்னது. இந்தப் பேக்கேஜ்காரர்களோ, "என்னன்னு போன்ல சொல்லாதீங்க, மீட்டிங்குக்கு மட்டும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

விளம்பரம் பார், சர்வே எழுது, லைக் போடு

ஸ்பீக் ஏசியா என்ற ஆன்லைன் சர்வே நிறுவனம் நினைவிருக்கிறதா? 11,000 ரூபாய் கட்டினால் ஓராண்டு சந்தா. வாரம் இரண்டு சர்வே, ஒன்றுக்கு 500 ரூபாய். ஆண்டுக்கு 52,000, யாரையும் சேர்க்காமலே. ஒரு சோப்பு நிறுவனம் என் கருத்தைக் கேட்க எனக்குப் பணம் கொடுக்கலாம். கருத்துச் சொல்வதற்கு நான் ஏன் 11,000 கட்ட வேண்டும்? இதை அன்று லட்சக்கணக்கானோர் கேட்கவில்லை. 2011இல் பணம் நின்றது.

சில ஆண்டு கழித்து நொய்டாவில் சோஷியல் டிரேட் என்ற தளம். ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய், உறுப்பினராக 5,750 ரூபாயிலிருந்து 57,500 ரூபாய் வரை. 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசச் சிறப்புக் காவல் படை அதன் உரிமையாளரைக் கைது செய்தபோது பேசப்பட்ட தொகை 3,700 கோடி. உண்மையான விளம்பர உலகில் ஒருவர் ஒரு விளம்பரத்தைப் பார்ப்பதற்கு விளம்பரதாரர் கொடுப்பது பைசாக் கணக்கில்தான். அதற்கு ரூபாய்க் கணக்கில் கொடுக்கிறார்கள் என்றால், மிச்சம் புதிதாகச் சேருகிறவர் கட்டுவதிலிருந்துதான் வர முடியும்.

"ஆனா எனக்குப் பணம் வந்துச்சே" என்பார்கள். வரும். 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில், மைவி3 ஆட்ஸ் என்ற விளம்பரம் பார்க்கும் ஆப்பின் மீது போலீஸ் வழக்குப் பதிந்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கூட்டம்தான். வந்தவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்கும். பணம் வந்தது என்பது பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் ஆகாது. சொல்லப்போனால் முதல் வாரமே தினமும் யுபிஐயில் பணம் விழுந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். கடைக்காரன் ரிட்டர்ன் காலம் முடியக் காத்திருக்கிறான். இவர்களுக்குக் காத்திருக்க எதுவும் இல்லை.

டெலிகிராம் டாஸ்க்

இதில் ஆராய அதிகம் இல்லை. ஹோட்டலுக்கு ரேட்டிங், யூடியூபுக்கு லைக்; முதலில் 150, 200 ரூபாய் நிஜமாகவே வரும். பிறகு 'ப்ரீபெய்ட் டாஸ்க்' என்று 1,000 கட்டச் சொல்வார்கள், 1,300 ஆகத் திரும்பும். அடுத்து பத்தாயிரம், ஐம்பதாயிரம். திரையில் மட்டும் தொகை ஏறும். எடுக்கப் போனால் 'வரி' கட்டச் சொல்வார்கள். இந்த மாதிரிப் பகுதிநேர வேலை, முதலீட்டு மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. பெயர் மாற்றிக்கொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை.

நேர்மைக்கும் மோசடிக்கும் நடுவே

எல்லாக் கோர்ஸும் ஏமாற்று அல்ல. நல்ல ஆசிரியர் ஒருவர் தன் வகுப்புக்கு அஃபிலியேட் லிங்க் கொடுப்பது சாதாரணம். கமிஷனை நாளைக்கே நிறுத்தினாலும் அந்த வகுப்பை இந்த விலைக்கு யாராவது வாங்குவார்களா என்று பாருங்கள். மாணவர்கள் வாங்குவார்கள் என்றால் அது வகுப்பு. வகுப்பை வாங்காமலே லிங்க் கொடுத்து விற்க அனுமதிக்கிறார்களா என்பதும் ஒரு நல்ல அளவுகோல்.

நேர்மையான திட்டங்கள் எல்லாம் உங்களுக்கு நல்லதே செய்யும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் மரச்சாமான் பிரிவின் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக வெட்டியது. அதை நம்பியே தளம் நடத்தியவர்கள் பாடு திண்டாட்டம் ஆனது. சட்டப்படி சரி, ஆனால் பேரம் ஒருபக்கம்தான். அதனால் நல்ல திட்டத்திலும் ஒரே கடையை நம்பி வேலையை விடாதீர்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டால்

போட்ட பணத்தை எடுப்பதற்காக மச்சானையும் தோழியையும் சேர்ப்பதுதான் முதலில் மனதில் வரும். அதைச் செய்யாதீர்கள். பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில், நடத்துவது மட்டுமல்ல, உறுப்பினராகச் சேர்வதும் பங்கெடுப்பதும்கூடக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மேலே இருப்பவர் ஊரைவிட்டுப் போன பிறகு, சொந்தக்காரர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

பணம் போனது தெரிந்ததும் 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தொகையை முடக்க வாய்ப்பு. தமிழ்நாட்டில் நிறுவனமாக இயங்கிப் பலரிடம் வசூலித்திருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். பரிவர்த்தனை எண், குரூப்பில் வந்த செய்திகள், சேர்த்தவரின் குரல் பதிவு எல்லாவற்றையும் குரூப்பை விட்டு வெளியேறும் முன்பே சேமித்துவிடுங்கள். புகார் வந்ததும் அவர்கள் முதலில் அழிப்பது அந்தக் குரூப்பைத்தான்.