இரட்டை எழுத்துக் காசு என்று விற்கிறார்கள், பத்து சென்ட் சேகரிப்பவர்கள் கவனிக்கவும்

அமெரிக்கப் பத்து சென்ட் காசுகளில், அதாவது 'டைம்'களில், சின்னச் சின்ன அச்சு வேறுபாடுகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான்கு காசுகளுக்கு 230 டாலர் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் விற்றவரின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார். அவர் விற்ற விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்கும், நடுவில் வட்டச் சன்னல் வைத்த அட்டை உறைகளில் பின் அடித்து வந்தன. ஒவ்வோர் உறையிலும் சிவப்பு மையில் ஆண்டு, வகை, ஒரு பட்டியல் எண். அந்த எண்ணில்தான் விழுந்தேன். எண் இருந்தால் யாரோ பார்த்துச் சான்று கொடுத்தது போலத் தோன்றுகிறது. பேனா வைத்திருக்கும் எவரும் அதை எழுதலாம் என்பது அப்போது உறைக்கவில்லை. ஆல்பத்தில் செருகிவிட்டு ஒன்றரை மாதம் சும்மா இருந்தேன். திருப்பி அனுப்ப 30 நாள்தான் கெடு. அது என் தவறு.

பிறகு நாணயச் சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே வரும் முதியவர் ஒருவர் ஆலையில் அச்சுக் கருவிகள் செய்து ஓய்வுபெற்றவர். பத்து மடங்கு லென்ஸை எடுத்து, முதலில் 1963 காசைப் பார்த்தார். 'பின்பக்க இரட்டை அச்சு' என்று எழுதியிருந்த காசு அது. எனக்கு 75 டாலர் செலவு. காசை விளக்கின் கீழ் மெல்லத் திருப்பிவிட்டு, "எழுத்தின் அகலத்தைப் பாருங்கள்" என்றார்.

அந்தக் காலத்தில் ஓர் அச்சைச் செய்ய, அதாவது காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகுக் கருவியைச் செய்ய, மூல உருவை அதில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவார்கள். இரண்டாம் முறை இம்மியளவு விலகினாலும் அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்துவிடும். அந்த அச்சிலிருந்து வரும் காசுகள் எல்லாவற்றிலும் எழுத்து தடித்திருக்கும், முனைகளில் சிறிய பிளவு தெரியும். அதுதான் உண்மையான இரட்டை அச்சு. என் காசில் எழுத்து தடிக்கவில்லை, மெலிந்திருந்தது. பக்கத்தில் படிக்கட்டு போலத் தட்டையாக, பளபளவென்று ஒரு விளிம்பு. காசு அடிக்கும் நொடியில் தளர்ந்த அச்சு நகர்ந்து, அப்போதுதான் எழுந்த எழுத்தை ஓரத்தில் நசுக்கிவிட்டுப் போனதன் தடம் அது. இப்படிப்பட்ட காசு எக்கச்சக்கமாகக் கிடைக்கிறது, கூடுதல் விலை கிடையாது. விற்றவர் விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்துப் படம் எடுத்திருந்தார். அந்த விளிம்பு இரண்டாவது எழுத்து போலவே ஜொலித்தது. அந்தக் காசில் 90 சதவீதம் வெள்ளி, அந்த அளவுக்குத்தான் ஆறுதல்.

1994 காசின் உறையில் 'இருமுறை குத்திய டி' என்றிருந்தது. 'டி' என்பது டென்வர் நாணயச்சாலையின் குறி. இதற்கு லென்ஸே தேவையில்லை. நாணயச்சாலைக் குறியை ஒவ்வோர் அச்சிலும் கையால் குத்திய காலத்தில்தான் அப்படிப்பட்ட பிழை வர முடியும். 1990களின் தொடக்கத்திலேயே அந்தக் கைவேலை நின்றுவிட்டது, குறியை மூல அச்சிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆண்டைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

என்னை அதிகம் வருத்தியது 1982. ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை 1980இலிருந்து டைம்களில் 'பி' குறி இட்டு வருகிறது. 1982இல் அந்தக் குறி இல்லாத ஓர் அச்சு இயந்திரத்துக்குப் போய்விட்டது. அந்தக் காசுகள் பல ஓஹாயோ மாநிலத்தின் சாண்டஸ்கி பகுதியில், அங்குள்ள கேளிக்கைப் பூங்காவைச் சுற்றிக் கிடைத்தன. அந்தக் கதையே இந்தக் காசை விற்றுவிடும். என்னிடம் விற்றதும் அதுதான். ஆனால் அச்சில் குறியின் குழி கிரீஸால் அடைத்துக்கொண்டாலும் 'பி' மறைந்துவிடும். பெரியவர் காசை விளக்குக்குக் குறுக்கே சாய்த்துக் காட்டினார். ஆண்டுக்கு மேலே, மூச்சுப்பட்ட கண்ணாடியில் விரலால் எழுதியது போல, 'பி'யின் முதுகுக் கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கோடு இருந்தால் அது வெறும் பத்து சென்ட்.

1945 'சிறிய எஸ்' காசில், சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் 'எஸ்' குறி வழக்கத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். என் காசைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமான எஸ்தான்.

இப்போது நான் கேட்பவை இவை. நேர் வெளிச்சத்தில் ஒரு படம், எதிர்ப்பக்க வெளிச்சத்தில் இன்னொன்று. உறையில் எண் எழுதியிருந்தால், பட்டியலில் அந்த எண்ணுக்குக் காட்டிய அச்சுக் கீறல்களும் விரிசல்களும் காசில் எங்கே இருக்கின்றன என்று விற்பவரே காட்ட வேண்டும். மழுப்பினால் விலகிவிடுவேன். 1982 குறியில்லாக் காசு, 1941இன் மேல் 1942 பதிந்த காசு ஆகியவற்றைத் தரச்சான்று பெற்று முத்திரையிட்ட பெட்டியில் மட்டுமே வாங்குவேன், அந்தச் சான்று எண்ணையும் சரிபார்த்த பிறகே. வந்த அன்றே லென்ஸில் பார்த்துவிடுவேன்.

விற்றவருக்கு நான்கு காசுகளின் படங்களையும் அனுப்பி விளக்கினேன். "வகை என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது" என்று ஒரு வரி பதில் வந்தது. அதன்பின் என் செய்திகள் போய்ச் சேரவில்லை. நேற்று அவர் பக்கத்தைப் பார்த்தேன். என் ஆல்பத்தில் இருக்கும் அதே 1963 காசின் படம், அதே சாய்ந்த வெளிச்சம், அதே 75 டாலர்.